மூளை 25 வயதில்தான் முழுமையாகிறதா?

ஜூன் 2 – கேள்வி

என் மகனுக்கு 17 வயது. மனித மூளை 25 வயதில்தான் வளர்ந்து முடிகிறதாம். அதிலும் வெண்பொருள் என்ற பகுதிதான் கடைசியில் முதிர்கிறதாம். அப்படியானால் அவன் என்ன படிப்பது, யாரோடு பழகுவது, கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் அதுவரை நாங்கள் தீர்மானிப்பதுதானே நியாயம்? மூளையே பாதியில் நிற்கும்போது அவன் பேச்சைக் கேட்டு என்ன பயன்?

ஜூன் 2, இரவு

அந்த 25-ஐ முதலில் விட்டுவிடுங்கள். 25-ஆம் வயதில் மூளையில் ஏதோ ஒன்று பூர்த்தியாகிறது என்று எந்த ஸ்கேனும் காட்டியதில்லை. நான் எம்.ஆர்.ஐ. அறையில் வேலை பார்ப்பவள். ஒரு மூளைப் படத்தை நீட்டி, இது 23 வயதா 27 வயதா என்று கேட்டால் எங்கள் துறையில் யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த எண் பரவியதற்கு ஒரு காரணம், ஆரம்பகால ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் வயது இருபதுகளின் தொடக்கத்தோடு நின்றுபோனதுதான். 1999-ல் ஜே கீட் என்பவரின் குழு வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை சுமார் 4 முதல் 22 வயது வரை உள்ளவர்களைப் பார்த்தது. வெண்பொருளின், அதாவது மூளையின் இணைப்பு இழைகளின், அளவு அந்தக் காலம் முழுக்க ஏறிக்கொண்டே போனது. கோடு ஏறுமுகத்தில் இருக்கும்போதே தரவு முடிந்துவிட்டது. அதை வைத்து ‘இருபதுகளின் நடுவில் முடிகிறது’ என்று யாரோ முடிச்சுப் போட்டார்கள், ஊரெல்லாம் அதையே பிடித்துக்கொண்டது.

அப்புறம் 2022-ல் உலகின் பல ஆய்வுகளைச் சேர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 1,23,984 ஸ்கேன்களை வைத்து ஒரு வளர்ச்சி வரைபடம் போட்டார்கள். அதில் வெண்பொருளின் கனஅளவு உச்சத்தைத் தொடுவது 29 வயதை ஒட்டி. நரம்பணுக்களின் உடல்கள் இருக்கும் சாம்பல்பொருளோ 6 வயதை ஒட்டியே உச்சத்தைத் தொட்டுவிட்டு அப்புறம் மெல்லக் குறைகிறது. கனஅளவுதான் பக்குவம் என்றால் 28 வயதுக்காரரும் அரைகுறை, சாம்பல்பொருள் கணக்கில் ஆறு வயதுக் குழந்தை நம்மை விடப் பக்குவம். அளவு வேறு, அறிவு வேறு. இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதால்தான் உங்களைப் போன்ற பெற்றோர்கள் குழம்புகிறீர்கள்.

ஜூன் 3, காலை

அடிப்படையைச் சொல்லாமல் நேற்று வாதத்துக்குப் போய்விட்டேன், அதனால் இப்போது.

மூளையின் மேற்பரப்பிலும் ஆழத்தில் சில திட்டுகளிலும் நரம்பணுக்களின் உடல்கள் குவிந்திருக்கின்றன, அது சாம்பல்பொருள். அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நீளமான இழைகளின் கட்டுகள்தான் வெண்பொருள். அந்த இழைகள் பலவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்பு மிகுந்த உறை சுற்றியிருக்கும், வெள்ளை நிறம் அதனால்தான். சுற்றுகிற வேலையைச் செய்வது ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற அணு. ஓர் அணு பல கைகளை நீட்டி, அக்கம்பக்கத்தில் ஓடும் பல இழைகளில் டஜன் கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் சுற்றி வைக்கும்.

உறை போட்ட இழையில் சமிக்ஞை ஊர்ந்து போவதில்லை. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளிகளில் தாவித் தாவிப் போகிறது. உறையில்லாத மெல்லிய இழையில் நொடிக்கு 1 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் கடக்க 100 மில்லி நொடி. உறை போட்ட இழை நொடிக்கு 10 மீட்டர் போனால் அதே தூரம் 10 மில்லி நொடியில் முடிந்துவிடும். கை, கால் நரம்புகளில் உள்ள தடித்த இழைகளில் இது 100 மீட்டரையும் தாண்டும்.

20 வயது ஆணின் மூளையில் உறை போட்ட இழைகளை நீட்டிப் போட்டால் சுமார் 1,76,000 கிலோமீட்டர், பெண்ணின் மூளையில் சுமார் 1,49,000 கிலோமீட்டர் வரும் என்று 2003-ல் டென்மார்க்கில் கணக்கிட்டார்கள். பூமியை நாலு சுற்று சுற்றலாம். இடது வலது மூளைகளை இணைக்கும் கட்டில் மட்டுமே ஏறத்தாழ 20 கோடி இழைகள்.

ஜூன் 3, மதியம்

இன்னொன்று. மேலே வேகம் வேகம் என்று சொல்லிவிட்டதால் ‘எவ்வளவு வேகமோ அவ்வளவு புத்தி’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல இடங்களிலிருந்து கிளம்பும் சமிக்ஞைகள் ஓர் இடத்தில் ஒரே சமயத்தில் வந்து சேர வேண்டும், அதுதான் முக்கியம். தூரத்திலிருந்து வருவது சற்று வேகமாகவும் பக்கத்திலிருந்து வருவது சற்று மெதுவாகவும் வந்தால்தான் கூடும். பாட்டுக் கச்சேரியில் மிருதங்கம் முந்திக்கொண்டால் பாட்டு கெடுகிற மாதிரி, இங்கேயும் ஒன்று மட்டும் முந்துவதால் லாபமில்லை.

ஜூன் 3, இரவு

மூளையில் எந்தப் பகுதிக்கு முதலில் மயலின் உறை ஏறுகிறது என்று கேட்ட தம்பிக்கு: ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் பால் ஃப்ளெக்சிக் என்ற மருத்துவர் இறந்த சிசுக்களின் மூளைகளைச் சாயமிட்டுப் பார்த்து இந்த வரிசையை நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். 1901-ல் ஆங்கிலத்திலும் எழுதினார். தொடு உணர்வு, பார்வை, கேட்டல், அசைவு இவற்றுக்கான பாதைகளுக்கு முதலில் உறை ஏறுகிறது. பல தகவல்களைச் சேர்த்து யோசிக்கும் பகுதிகளுக்குக் கடைசியில்.

இதை நான் வேலையில் கண்ணால் பார்க்கிறேன். பிறந்து சில நாளான குழந்தைக்கு மூளை ஸ்கேன் எடுப்பதென்றால், பால் கொடுத்துத் தூங்க வைத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, காதுக்கு இரண்டு அடுக்குப் பாதுகாப்பு வைத்து, மூச்சை எண்ணிக்கொண்டே உள்ளே தள்ளுவோம். திரையில் முதல் படம் வரும். டி1 என்று நாங்கள் சொல்லும் படத்தில் பெரியவர்களுக்கு வெண்பொருள் வெளிச்சமாகவும் சாம்பல்பொருள் மங்கலாகவும் தெரியும். பச்சிளம் குழந்தைக்கு அப்படியே தலைகீழ். நடுவில், ஆழத்தில், கை கால் அசைவுக்கான பாதை ஓடும் இடத்தில் மட்டும் ஒரு சிறு வெளிச்சக் கீற்று இருக்கும். அது பிறப்பதற்கு முன்பே உறை ஏற ஆரம்பித்த இடம். வருஷக்கணக்கில் பார்த்தும் அந்தக் கீற்று வந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வரும். ஒரு வயது நெருங்கும்போது டி1 படம் பெரியவர்களுடையது போல மாறிவிடும். டி2 என்ற இன்னொரு வகைப் படம் மாற இரண்டு வயது ஆகும்.

பின்னாலிருந்து முன்னால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, கீழிருந்து மேலே. இதுதான் போக்கு. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி தாமதமாவது இந்த வரிசையால்தான்.

ஜூன் 5

நேற்று ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: “வகுப்பில் மெதுவாக எழுதுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் வெண்பொருள் வளர்ச்சி குறைவா?”

இல்லை, மேடம். ஒரு பிள்ளை மெதுவாக எழுதப் பத்துக் காரணம் இருக்கும். கண் பார்வை, கை பிடிப்பு, பயம், வாசிப்புச் சிரமம், தூக்கமின்மை, தப்பாகிவிடுமோ என்று இரண்டு தரம் சரிபார்க்கும் சுபாவம்.

என் அண்ணன் மகளைச் சொல்கிறேன். 15 வயதில் அவளுடைய பள்ளியில் அவளை மந்தம் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கேள்வியைப் படித்தாள், விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனாள், மறுபடி மேலே வந்தாள், பென்சிலை எடுத்தாள், வைத்தாள். எழுத ஆரம்பித்தபோது ஓர் அடித்தல் இல்லை. “அத்தை, மணி அடிச்சிடுவாங்கன்னு நினைச்சா எனக்குப் படிச்சதே மறந்துடுது” என்றாள். நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் கொடுத்தால் அவள் போடாத கணக்கு இல்லை. அவள் மூளையை யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை, எடுக்கத் தேவையும் இல்லை. கூடுதல் நேரம்தான் தேவைப்பட்டது. அதைக் கேட்டு வாங்க அண்ணன் பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

குழுவாகப் பார்த்தால் வேகத்துக்கும் வெண்பொருளுக்கும் தொடர்பு உண்டு. சிறு வயதிலிருந்து பதின்ம வயது வரை ஒரு குறியைப் பார்த்து இன்னொரு குறியை எழுதும் மாதிரியான வேகச் சோதனைகளில் மதிப்பெண் ஏறிக்கொண்டே போய், 18, 19 வயதை ஒட்டி உச்சம் தொடுகிறது. அதே காலத்தில் வெண்பொருளும் முதிர்கிறது. ஆனால் சொல்வளம் நடு வயதைத் தாண்டியும் ஏறுகிறது. மூளையில் எல்லாத் திறமைக்கும் ஒரே உச்ச வயது கிடையாது.

ஜூன் 5, பின்னிரவு

மேலே ‘தொடர்பு உண்டு’ என்று எழுதியது மனதை உறுத்துகிறது, அதன் பலத்தையும் சொல்லிவிட வேண்டும். 2022-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, மூளைப் படத்துக்கும் அறிவுத்திறன் அல்லது மனநலத்துக்கும் உள்ள தொடர்புகள் பெரும்பாலும் மிகச் சிறியவை, அவற்றை நம்பகமாகக் காண ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும் என்று காட்டியது. முப்பது பேரை வைத்து எழுதிய கட்டுரைகள் பல ஆட்டம் கண்டன. ஒரு பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்து அவன் எப்படிப் படிப்பான் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜூன் 8

‘பயிற்சியால் வெண்பொருள் மாறுமா?’ எனக்குப் பிடித்த கேள்வி இது.

மாறும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பெரியவர்களுக்குப் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தையை 6 வாரம் கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். பார்வையையும் கை நீட்டுவதையும் இணைக்கும் பகுதிக்குக் கீழே வெண்பொருளின் அளவீடு மாறியிருந்தது. சுவாரஸ்யம் என்னவென்றால், யார் எவ்வளவு நன்றாகப் பிடித்தார்கள் என்பதற்கும் அந்த மாற்றத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. முயன்றதே போதுமாக இருந்தது போல.

அதே வருஷம் அமெரிக்காவில், வாசிப்பில் பின்தங்கிய 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு 100 மணி நேரம் தீவிர வாசிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். இடப்பக்க முன்பகுதியில் ஓர் இடத்தில் வெண்பொருள் அளவீடு உயர்ந்தது, வாசிப்பும் முன்னேறியது. 2018-ல் இன்னொரு குழு 8 வாரத்திலேயே இப்படி மாற்றங்கள் நடப்பதைப் பதிவு செய்தது. ‘எட்டு வயசுக்கு மேல வாசிப்பு வராது, விட்டுடுங்க’ என்று சொல்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காரணம் எது, விளைவு எது என்பதற்கு எலிகள்தான் பதில் சொன்னார்கள். (‘சொன்னார்கள்’ என்று மரியாதையாகவே எழுதுகிறேன், அவ்வளவு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.) 2014-ல் லண்டனில், புதிய ஒலிகோடெண்ட்ரோசைட் உருவாகாதபடி ஒரு மரபணுவை நிறுத்தி வைத்த சுண்டெலிகளை, கம்பிகள் ஒழுங்கற்ற இடைவெளியில் இருக்கும் சக்கரத்தில் ஓட விட்டார்கள். சாதாரண எலிகள் பழகிக்கொண்டன. இவை சிரமப்பட்டன. ஆனால் மரபணுவை நிறுத்தும் முன்பே அந்தச் சக்கரத்தைப் பழகியிருந்த எலிகள் அப்புறமும் நன்றாக ஓடின. கற்றதைச் செய்யப் பழைய உறை போதும், புதிதாகக் கற்கப் புதிய அணுக்கள் வேண்டும்.

ஜூன் 9

மேலே ‘அளவீடு’ ‘அளவீடு’ என்று மூடி மூடி எழுதியதற்குக் காரணம் உண்டு. ஸ்கேன் மயலினை நேரடியாகப் பார்ப்பதில்லை. டிஃப்யூஷன் முறையில் நாங்கள் பார்ப்பது தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எளிதாக நகர்கின்றன என்பதை. இழைக்கட்டு இருந்தால் நீளவாக்கில் நகரும், குறுக்கே தடைபடும். அந்தத் திசைச் சார்பை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகத் தருவார்கள். உறை தடித்தால் அந்த எண் ஏறலாம். இழைகள் நெருங்கினாலும் ஏறலாம். ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகும் பாதைகளில் ஒன்று மெலிந்தாலும் ஏறலாம். படத்தின் ஒரு புள்ளி 2 மில்லிமீட்டர் என்றால் அதற்குள் லட்சக்கணக்கான இழைகள். வெண்பொருளின் பெரும்பகுதியில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகத்தான் ஓடுகின்றன.

அப்புறம் தலை அசைவு. டிஃப்யூஷன் ஸ்கேன் ஓடும்போது மேஜையே அதிரும், சத்தம் தட்டித் தட்டி வரும். “உள்ளே யாரு ஆணி அடிக்கிறாங்க?” என்று கேட்ட பொடியன் ஒருவன், பதில் தெரிந்துகொள்ளத் தலையைத் தூக்கிப் பார்த்தான், முழுதையும் மறுபடி எடுத்தோம். சின்னப் பிள்ளைகள் அதிகம் அசைகிறார்கள், பெரியவர்கள் குறைவாக. சிறு அசைவே பொய்யைப் படத்தில் ஏற்றிவிடும். அதைக் கழிக்காமல் ஒப்பிட்டால் ‘வயது ஏற ஏற இணைப்பு வலுக்கிறது’ என்று படமே கதை கட்டும். 2012-க்குப் பிறகு இதில் ஆய்வாளர்கள் உஷாராகிவிட்டார்கள். பழைய கட்டுரைகளை வாசிக்கும்போது நீங்களும் உஷாராக இருங்கள்.

இவ்வளவு சொல்லியும் ஒன்றில் எனக்குச் சந்தேகமில்லை: ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப எடுத்த ஆய்வுகளும் வளர்ச்சி தொடர்வதைக் காட்டுகின்றன. 2011-ல் கனடாவில் 5 முதல் 32 வயது வரை 103 பேரைப் பார்த்தார்கள். பல பாதைகள் பதின்ம வயது முடிவதற்குள் நிலைபெற்றன. நெற்றிப் பகுதியை மற்றவற்றோடு இணைக்கும் நீளப் பாதைகள் இருபதுகளிலும் மாறிக்கொண்டிருந்தன.

ஜூன் 12

தனிமை பற்றி யாருமே கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

2012-ல் வந்த ஆய்வில், தாய்ப்பால் மறந்த உடனே இரண்டு வாரம் தனியாக அடைத்து வைக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு மூளையின் முன்பகுதியில் மயலின் மெலிந்திருந்தது. மறுபடி கூட்டத்தில் விட்டும் சரியாகவில்லை. அந்த இரண்டு வாரம் கழிந்த பிறகு தனிமைப்படுத்தினால் அந்தப் பாதிப்பு வரவில்லை. அதே வருஷம் வேறொரு குழு, வளர்ந்த எலிகளையும் நீண்ட நாள் தனிமைப்படுத்தினால் மயலின் பாதிக்கும், ஆனால் கூட்டத்தில் திரும்ப விட்டால் தேறும் என்று காட்டியது.

எலியை வைத்துப் பிள்ளைகளைச் சொல்லக் கூடாது, சரி. ருமேனியாவில் அரசு இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளைப் பற்றிய நீண்ட கால ஆய்வு இருக்கிறது. சிலரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். 2015-ல் வந்த முடிவில், இல்லத்திலேயே இருந்தவர்களின் வெண்பொருளில் வித்தியாசம் தெரிந்தது. குடும்பத்துக்குப் போனவர்களுக்குப் பல பாதைகள், வீட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளுடையதை ஒத்திருந்தன. இதை வாசித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

ஜூன் 13

17 வயது மகனின் அப்பாவுக்கு, உங்கள் கேள்விக்கே திரும்பி வருகிறேன்.

2019-ல் 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரை 5,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. நிதானமாக யோசித்து, தகவலை எடைபோட்டு முடிவெடுக்கும் திறன் 16 வயதை ஒட்டியே பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆத்திரம், அவசரம், நண்பர்கள் முன்னால் வீறாப்பு இவற்றைக் கட்டுப்படுத்தும் பக்குவம்தான் பிந்துகிறது.

அதனால் என்ன படிப்பது என்று உட்கார்ந்து பேசும்போது உங்கள் பையனின் பேச்சுக்கு முழு எடை கொடுங்கள். நடு இரவில் நண்பர்கள் கூப்பிட்டு வண்டி எடுக்கிற விஷயத்தில் நீங்கள் குறுக்கே நிற்கலாம். இரண்டும் ஒன்றல்ல. எல்லா முடிவையும் நீங்களே எடுத்துவிட்டால், முடிவெடுக்கிற பாதைகளுக்கு அவன் எப்போது வேலை கொடுப்பான்? மேலே எலிகளைப் பற்றி எழுதியதெல்லாம் இதற்காகத்தான்.

ஜூன் 17

ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: 12 வயது மகளுக்குத் தலைவலிக்காக எடுத்த ஸ்கேன் அறிக்கையில், மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் பக்க அறைகளின் பின்புறம் இருபக்கமும் லேசான வெளிச்சம் என்று இருக்கிறதாம், இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம்.

அம்மா, உங்கள் மகளின் படத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன், அது ரேடியாலஜி மருத்துவரின் வேலை. பொதுவாக ஒன்று சொல்லலாம். மூளையில் மயலின் கடைசியாக ஏறும் இடங்களில் ஒன்று அந்த அறைகளின் பின்மூலை. நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் அங்கே டி2 படத்தில் மங்கலான வெளிச்சம் 10 வயதைத் தாண்டியும் தெரிவதுண்டு. மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: “இது வயதுக்கு இயல்பான தாமதமா, இல்லை வேறு எதையாவது சந்தேகப்படுகிறீர்களா? இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா?” இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் கட்டாயம் பதில் சொல்வார்கள்.

ஜூன் 18

மயலினை வளர்க்கும் பொடி, மாத்திரை என்று விளம்பரங்கள் வருவதாக மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். நன்றாக இருக்கும் பிள்ளைக்கு அப்படி எதுவும் வேண்டாம்.

குறைபாடு இருந்தால் கதை வேறு. மயலின் உருவாக இரும்புச்சத்து வேண்டும். பி12 வேண்டும். தைராய்டு சுரப்பு சரியாக இருக்க வேண்டும். இவற்றில் குறை இருந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்வது அவசியம், அதிலும் குழந்தைப் பருவத்தில் தாமதிக்கக் கூடாது. குடி பதின்ம வயதில் வெண்பொருள் வளர்ச்சியின் வேகம் குறைவதோடு சேர்ந்தே காணப்படுகிறது. மயலின் சுற்றும் அணுக்களாக மாறக்கூடிய முன்னோடி அணுக்கள் தூக்கத்தில் அதிகம் பெருகுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின இரவு முழுக்க விழிக்க வைக்கும் பெற்றோர்கள் இதைக் கவனியுங்கள்.

சோர்வு, வெளிறல், கவனம் சிதறல் இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ‘புத்தி எப்படி இருக்குன்னு பார்க்கணும்’ என்று பிள்ளையை அழைத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வராதீர்கள்.